சாமுவெல் பெக்கற்: தள்ளி வைத்த கமெரா

அற்றம் எகோயனின் திரைப்படங்களை முதன்முறையாகப் பார்க்கும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். அவருடைய பாத்திரங்கள் வாய்விட்டு அழுவதில்லை. மகளை இழந்த தகப்பனும், மனைவியைப் பறிகொடுத்த கணவனும் வங்கியில் வரிசையில் நிற்பவர்களைப் போலக் கதைக்கிறார்கள். ரொறன்ரோவில் இருந்துகொண்டு, இந்நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் முதியோர் இல்லங்களையும் படமெடுத்து உலகப் புகழ் பெற்ற ஒருவரின் படங்கள் ஏன் இத்தனை குளிராக இருக்கின்றன என்று கேட்பார்கள். இங்குள்ள பனிக்காலந்தான் காரணம் என்று பகிடியாகச் சொல்வோரும் உண்டு.

என்னுடைய எண்ணம் வேறு. எகோயன் 1960இல் கெய்ரோ நகரில் ஆர்மீனியப் பெற்றோருக்குப் பிறந்து, கனடாவின் மேற்குக் கரையிலுள்ள விக்ரோறியாவில் வளர்ந்தவர். பதின்ம வயதிலேயே நாடகம் எழுதத் தொடங்கிய அவரை அப்போது ஆட்கொண்டவர்கள் இருவர். ஒருவர் ஹரோல்ட் பின்ரர், மற்றவர் சாமுவெல் பெக்கற். அபத்த நாடகம் என்று நாம் அழைக்கும் வகைக்கு முதன்மை உதாரணமாகச் சொல்லப்படும் அந்தப் பெக்கற்றின் வாழ்க்கையை அறிந்தால் எகோயனின் குளிர் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். அது குளிர்தானா என்ற சந்தேகமும் எழும். ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் பெக்கற்றைப் பற்றியதே.

பெக்கற் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, டப்ளினின் புறநகரான பொக்ஸ்ரொக்கில் பிறந்தார். வசதியான புரட்டஸ்தாந்துக் குடும்பம். தந்தை கட்டடங்களுக்கு அளவும் மதிப்பும் கணிக்கும் தொழில் செய்தவர். தாயார் கண்டிப்பானவர். தந்தையுடன் மலைப்பாதைகளில் நீண்ட தூரம் நடப்பது மகனுக்குப் பிடித்தமானது. தாயுடனான உறவோ கடைசிவரை சிக்கலாகவே இருந்தது. ஒஸ்கார் வைல்ட் படித்த அதே போர்ட்டோரா றோயல் பாடசாலையில் படித்து, பின்னர் டப்ளின் ட்ரினிற்றிக் கல்லூரியில் பிரெஞ்சும் இத்தாலியமும் கற்றார். நம் வாசகர்களில் கிறிக்கற் பிரியர்கள் பலர் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 1925இலும் 1926இலும் நோர்தாம்ப்ரன்ஷயர் அணிக்கெதிராக முதற்தரப் போட்டிகளில் ஆடியவர் இவர். நோபல் பரிசு பெற்றவர்களில் முதற்தரக் கிறிக்கற் ஆடியவர் இவர் ஒருவரே.

1928இல் பாரிஸுக்கு ஆசிரியராகச் சென்றவர் அங்கே ஜேம்ஸ் ஜோய்ஸின் வட்டத்துக்குள் நுழைந்தார். பார்வை குன்றிக்கொண்டிருந்த ஜோய்ஸுக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார், வேண்டிய தகவல்களைத் தேடிக் கொடுத்தார். ஜோய்ஸின் மகள் லூசியா இவரை விரும்பினாள். தான் அந்த வீட்டுக்கு வருவது அவளுடைய தந்தையைப் பார்க்கத்தான் என்று இவர் சொல்லிவிட, இரு வீட்டு உறவும் சில காலம் முறிந்தது. பின்னாளில் மனநோய்க்கு ஆளான அந்தப் பெண்ணைப் பற்றிய உறுத்தல் பெக்கற்றுக்கு நெடுநாள் இருந்தது.

டப்ளின் திரும்பிக் கல்லூரி விரிவுரையாளராகச் சிறிது காலம் இருந்தார். தனக்கே சரியாகத் தெரியாததைப் பிறருக்குக் கற்பிப்பது அவருக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார். 1933இல் தந்தை இறந்தார். அதன்பின் நெஞ்சுப் படபடப்பும் மூச்சுத் திணறலும் அவரைப் பிடித்துக்கொண்டன. லண்டனுக்குச் சென்று ரவிஸ்ரொக் கிளினிக்கில் வில்பிரெட் பியோன் என்ற இளம் மருத்துவரிடம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெற்றார். பியோன் பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வுத் துறையில் பெரும்பெயர் பெற்றவர்.

இந்தக் காலத்தில்தான் நம் கதைக்கு முக்கியமான ஒன்று நடந்தது. 1936இல் பெக்கற் மொஸ்கோவிலிருந்த சேர்ஜி எய்சன்ஸ்ரைனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்குள்ள அரச திரைப்படக் கல்லூரியில் தன்னை மாணவனாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவரது வேண்டுகோள். பதில் வரவில்லை. வந்திருந்தால் உலகம் ஒரு நாடகாசிரியரை இழந்து ஒரு திரைப்பட இயக்குநரைப் பெற்றிருக்குமோ என்னவோ. பேசும்படங்கள் வந்து ஊமைப்படங்களை அழித்தது அவருக்கு ஒரு மனக்குறை. சப்ளினையும், அதைவிடக் கூடுதலாக முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத பஸ்ரர் கீற்றனையும் ரசித்து வளர்ந்த தலைமுறை அவருடையது. வீடு இடிந்து தலைமேல் விழும்போதும் கல்லாக நிற்கும் அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1938 ஜனவரியில் பாரிஸ் வீதியொன்றில் முன்பின் தெரியாத ஒருவன் அவர் நெஞ்சில் கத்தியால் குத்தினான். கத்தி இதயத்தை மயிரிழையில் தவறவிட்டது. ஜோய்ஸ் தன் செலவில் மருத்துவமனையில் தனியறை ஏற்பாடு செய்தார். முன்னரே சிறிது அறிமுகமாகியிருந்த சுசான் என்ற பியானோக் கலைஞர் பார்க்க வந்தார். கடைசிவரை அவருடைய துணையாக இருந்தவர் அவரே. விசாரணையின்போது குத்தியவனிடம் ஏன் குத்தினாய் என்று பெக்கற் நேரிலேயே கேட்டார். அவன் தனக்குத் தெரியாது என்று பணிவாகச் சொல்லி மன்னிப்பும் கேட்டான். இவர் முறைப்பாட்டைத் தொடர விரும்பவில்லை. அபத்தம் என்பதைப் பலர் நூல்களிலிருந்து கற்றார்கள். இவருக்கு அது நெஞ்சுக்கூட்டுக்குள் ஓரங்குலம் இறங்கிய பொருள்.

போர் வந்தது. அயர்லாந்துப் பிரசை என்ற வகையில் நடுநிலை நாட்டவரான இவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பாரிஸில் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கெதிரான இரகசியக் குழுவொன்றில் சேர்ந்தார். பலரும் துண்டு துண்டாகக் கொண்டுவரும் தகவல்களைத் தொகுத்து, மொழிபெயர்த்து, வேண்டாததை நீக்கிச் சுருக்கித் தட்டச்சுச் செய்வது இவர் வேலை. அந்தத் தாள்கள் நுண்படமாக்கப்பட்டு லண்டனுக்குக் கடத்தப்படும். ஒரு சொல் கூடினாலும் ஆபத்து என்ற நிலையில் செய்த இந்த வேலைக்கும் பிற்காலத்து அவரது வற்றிய நடைக்கும் தொடர்பிருப்பதாக நான் நினைப்பதுண்டு. விமர்சகர்கள் இதை அவ்வளவாகப் பெரிதுபடுத்துவதில்லை.

1942 ஓகஸ்ற்றில் குழு காட்டிக்கொடுக்கப்பட்டது. அவரை அதில் சேர்த்த நண்பர் அல்பிரெட் பெரோன் கைதானார். பெரோனின் மனைவி அனுப்பிய தந்தியால் எச்சரிக்கையடைந்த பெக்கற்றும் சுசானும் உடனேயே வீட்டைவிட்டு வெளியேறினார்கள். ஒளிந்தும் நடந்தும் தெற்கே ரூசியோன் என்ற மலைக்கிராமத்தை அடைந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே தோட்டவேலை செய்து, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் காத்திருந்தார்கள். பெரோன் மௌட்ஹவுசன் வதைமுகாமிலிருந்து விடுவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, 1945 மே மாதத்தில், இறந்துபோனார். பிரெஞ்சு அரசு பெக்கற்றுக்கு வீரப்பதக்கம் வழங்கியது. அதைப்பற்றி அவர் வெளியில் பேசியதில்லை. அதே ஆண்டு, குண்டுவீச்சில் தரைமட்டமான செயின்ற் லோ நகரில் ஐரிஷ் செஞ்சிலுவைச் சங்கம் அமைத்த மருத்துவமனையில் பண்டகசாலைப் பொறுப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை செய்தார். இடிபாடுகளுக்கிடையே ஒரு நகரம் எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இப்படி அடிபட்ட ஒருவர் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவார்? நாமாக இருந்தால் கண்ணீர்க் காவியம் எழுதியிருப்போம். பெக்கற் தாய்மொழியையே விட்டுவிட்டுப் பிரெஞ்சில் எழுதத் தொடங்கினார். ஆங்கிலத்தில் எழுதினால் அலங்காரம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, கற்ற மொழியில் அது வராது என்பது அவருடைய கணக்கு. ஜோய்ஸ் சேர்த்துச் சேர்த்து எழுதியவர், தன் வழியோ கழித்துக் கழித்துப் போவது என்ற தெளிவு போர் முடிந்த காலத்தில் தாயின் அறையில் இருந்தபோது அவருக்கு ஏற்பட்டது. மொலோய் முதலான மூன்று நாவல்களும் அதன் விளைவு. நாவல் வேலையின் களைப்புத் தீர எழுதியதுதான் கோடோவுக்காகக் காத்திருத்தல். 1953 ஜனவரி 5ஆம் திகதி பாரிஸின் பபிலோன் அரங்கில் ரோஜே பிளான் அதை மேடையேற்றினார். ஒரு மரம், இரண்டு நாடோடிகள், வராத ஒருவர். 1957இல் கலிபோர்னியாவின் சான் குவென்ரின் சிறைச்சாலையில் ஆயிரத்து நானூறு கைதிகள் முன்னிலையில் ஆடப்பட்டபோது, படித்தவர்களைக் குழப்பிய நாடகம் அவர்களுக்குத் தடையின்றி விளங்கியது. மார்ட்டின் எஸ்லின் 1961இல் அபத்த அரங்கு என்ற பெயரில் நூல் எழுதி, பெக்கற், இயனெஸ்கோ, அடமோவ் போன்றோரை ஒரே கூடையில் போட்டார். பெக்கற்றுக்கு அந்தக் கூடை பிடிக்கவில்லை. தமிழில் ந.முத்துசாமியின் நாடகங்களையும் இந்தப் பெயரால் அழைத்தவர்கள் உண்டு.

இனி எகோயனுக்கு நேரடியாக இட்டுச்செல்லும் நாடகத்துக்கு வருவோம். கிராப்பின் கடைசி ஒலிநாடா 1958 ஒக்ரோபரில் லண்டனில் அரங்கேறியது. பற்றிக் மகீ என்ற நடிகரின் குரலை பிபிசி வானொலியில் கேட்டதே பெக்கற்றை இதை எழுதத் தூண்டியது. கிராப்புக்கு அறுபத்தொன்பது வயது. ஒவ்வொரு பிறந்தநாளிலும் தன் குரலை நாடாவில் பதிவது அவனது வழக்கம். இன்று, முப்பத்தொன்பதாவது வயதில் பதிந்த சுருளை எடுத்துப் போட்டுக் கேட்கிறான். வாழைப்பழம் தின்கிறான், சிரிக்கிறான், நாடாவை ஓட்டுகிறான், நிறுத்துகிறான், பின்னோக்கிச் சுற்றுகிறான். அவ்வளவுதான் நாடகம். ரேப் ரெக்கோடர் அப்போது புதிய சாதனமாகையால், முப்பது வருடத்துப் பழைய பதிவு ஒருவரிடம் இருக்க நியாயமில்லை. ஆகவே எதிர்காலத்து மாலையொன்றில் நடப்பதாக எழுதினார்.

நாடாவில் வரும் நினைவுகளுள் ஒன்று தாயின் மரணம். கிராப் கால்வாய்க்கரை வாங்கில் உட்கார்ந்து, தாய் கிடக்கும் மருத்துவ விடுதியின் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யன்னல் மறைப்புச்சீலை கீழிறங்குகிறது. மரணம் நிகழ்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அந்தக் கணத்தில் அவன் ஒரு நாய்க்குப் பந்து போட்டு விளையாடிக்கொண்டிருக்கிறான். கையிலிருக்கும் பந்தைப் பற்றித்தான் அவன் கூடுதலாகச் சொல்கிறான். இது கற்பனை மட்டுமல்ல. 1950 ஓகஸ்ற்றில் பெக்கற்றின் தாயார் டப்ளின் கால்வாயோரத்து விடுதியொன்றில் இறந்தபோது, அவர் வெளியே நடந்தும் இருந்தும் அந்த யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலருகே நடந்த எதையும் நமக்குக் காட்டவில்லை. ஒரு சீலையும் ஒரு பந்தும் போதும் என்று நினைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், உணர்ச்சி விலகிய திரைமொழி என்பதன் முழுப்பாடமும் இந்த இரண்டு பொருட்களில் இருக்கிறது.

இந்த நாடகம் என்னைத் தொட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. எண்பதுகளில் இங்கு வந்து பார்லிமென்ற் - வெலஸ்லிச் சந்தியைச் சுற்றியிருந்த மாடிகளில் ஒதுங்கியவர்களுக்கு ஊரிலிருந்து கசற்றில் கடிதம் வருவது வழக்கம். யாராவது வரும்போது கொடுத்தனுப்புவார்கள். அப்பா எனக்கு அனுப்பிய கசற்றில் அவர் அழவில்லை. கிணற்றுக்கு மோட்டர் வாங்கிய விலையும், மாமரம் அந்த வருடம் காய்க்காததும், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதுமாக அரைமணி நேரம் கதைத்துவிட்டு, நாடா முடியப்போகிறது என்று சொல்லி நிறுத்திவிடுவார். பின்னணியில் சேவல் கூவும். அவர் காலமான பிறகு அந்தக் கசற்றைப் போட்டுக் கேட்டபோது என்னை உலுக்கியது மோட்டரின் விலைதான். ஒப்பாரி வைத்துப் பதிந்திருந்தால் இத்தனை தடவை கேட்டிருக்க மாட்டேன்.

பெக்கற் சினிமாவைக் கைவிட்டுவிடவில்லை. 1964 கோடையில், வாழ்நாளில் ஒரேயொரு தடவை, அமெரிக்கா சென்றார். படம் என்பதே அவர் எழுதிய படத்தின் பெயர். அலன் ஷ்னைடர் இயக்க, பஸ்ரர் கீற்றன் நடித்தார். ஒளிப்பதிவாளர் போரிஸ் கோஃப்மன், சோவியத் ஆவணப்பட மேதை சீகா வேர்ட்டோவின் தம்பி. தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஓடும் மனிதனை ஒரு கமெரா முதுகுப்புறமாகத் துரத்துகிறது. அவன் அறைக்குள் புகுந்து யன்னலை மூடுகிறான், கண்ணாடியைப் போர்த்துகிறான், நாயையும் பூனையையும் வெளியேற்றுகிறான், தன் பழைய புகைப்படங்களைக் கிழிக்கிறான். கடைசியில் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனேதான் என்று தெரிகிறது. யாராவது பார்த்தால்தான் ஒருவர் இருக்கிறார் என்ற தத்துவவாதி பார்க்லியின் கருத்தை வைத்துப் பின்னிய இருபத்துச் சொச்சம் நிமிடப் படம். உலகமே அறிந்த அந்தக் கல்முகத்தைக் கடைசிவரை காட்டாமல் வைத்திருந்தது பெரும் துணிச்சல். கீற்றனுக்குப் படம் விளங்கவில்லை. ஆனாலும் வெயிலில் சொன்னபடி ஓடினார். படம் வெற்றி பெற்றதென்று சொல்லமாட்டேன். இளம் வயதில் பெக்கற் ஊமைப்படத்திலிருந்து எடுத்த முகபாவத்தை அதற்குரியவரிடமே திருப்பிக் கொடுத்தார் என்ற வகையில் அதற்கு மதிப்புண்டு.

பின்னர் தொலைக்காட்சிக்கும் எழுதினார். 1966இல் ஒளிபரப்பான ஏ ஜோவில் நடிகர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஒரு பெண்குரல் குற்றஞ்சாட்டிக்கொண்டே இருக்க, குரல் நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் கமெரா சிறிது சிறிதாக ஒன்பது தடவை முகத்தை நெருங்குகிறது. தன் நாடகங்களைத் தானே இயக்கியபோது பெக்கற் நடிகர்களிடம் ஓயாமல் கேட்டது குரலிலிருந்து உணர்ச்சியைக் குறைக்கும்படிதான். பில்லி வைற்லோ போன்ற பெரிய நடிகைகூட ஏறத்தாழ இயந்திரத் தாளத்தில் பேசிப்பழக வேண்டியிருந்தது. அவர் அந்த அழுத்தத்தில் ஒரு தடவை ஒத்திகையிலேயே உடைந்து போனார். பார்ப்பவர்களும் உடைந்தார்கள். பெக்கற்றின் முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நடிகரை வாத்தியக்கருவிபோல நடத்தும் இறுக்கம் எல்லா இடத்திலும் நியாயமாகாது. அவருக்குக் கைகொடுத்தது மற்றவர் கையில் வெறும் விறைப்பாகிவிடுவதை எத்தனையோ மேடைகளில் பார்த்தாயிற்று.

1969இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் துனீசியாவில் இருந்தார். சுசானுக்கு அது ஒரு பேரிடியாகப்பட்டது. விழாவுக்கு அவர் போகவில்லை. பதிப்பாளர் போய் வாங்கிவந்தார். பணத்தின் பெரும்பகுதியைத் தேவைப்பட்ட கலைஞர்களுக்குக் கொடுத்துவிட்டார். 1989 ஜூலையில் சுசான் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி, பாரிஸின் முதியோர் இல்லமொன்றில் எளிய அறையில் வாழ்ந்து வந்த பெக்கற்றும் மறைந்தார். இருவரும் மொன்பர்னாஸ் மயானத்தில் ஒரே கல்லின் கீழ் கிடக்கிறார்கள்.

அந்த வேளையில் ரொறன்ரோவில் எகோயன் மூன்று முழுநீளப் படங்களை முடித்திருந்தார். அவரும் ஒரு ட்ரினிற்றிக் கல்லூரி மாணவர்தான், ஆனால் இது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. முதற்படமான நெக்ஸ்ற் ஒஃப் கின் (1984) உளச்சிகிச்சைக்காக எடுத்த வீடியோப் பதிவில் தொடங்குகிறது. வேறொரு குடும்பத்தின் பதிவைப் பார்த்த இளைஞன், அவர்கள் தொலைத்த மகன் தானே என்று சொல்லி ரொறன்ரோவிலுள்ள அந்த ஆர்மீனிய வீட்டுக்குள் நுழைகிறான். ஃபமிலி வியூவிங் (1987) படத்தில் தகப்பன் ஒருவன், பிரிந்துபோன மனைவியும் சிறுவயது மகனும் இருக்கும் பழைய வீடியோ நாடாக்களின் மேல் தன் படுக்கையறைக் காட்சிகளைப் பதிந்து அழித்துக்கொண்டிருக்கிறான். கிராப் நாடாவைச் சுழற்றிக் கேட்டான், இவன் சுழற்றி அழிக்கிறான். 1987இல் மொன்றியல் விழாவில் தனக்குக் கிடைத்த பரிசை விம் வெண்டர்ஸ் இந்தப் படத்துக்காக எகோயனிடம் கொடுத்தது அப்போது பெரும் செய்தி. கலெண்டர் (1993) படத்தில் எகோயனே புகைப்படக்காரராக வருகிறார். ஆர்மீனியத் தேவாலயங்களின் முன்னே மனைவி தன்னைவிட்டு விலகிப்போவதை அசையாத கமெராவின் பின்னால் நின்று பார்க்கிறார். அந்தக் காட்சிகளில் அவர் குரல் மட்டுந்தான் கேட்கும்.

கானில் 1997இல் பெரும் நடுவர் பரிசு பெற்ற த ஸ்வீற் ஹியர்ஆஃப்ரர் படத்தின் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளை ஏற்றிய பாடசாலைப் பேருந்து வழுக்கி உறைந்த ஏரியில் இறங்குகிறது. பின்னால் வாகனத்தில் வந்த ஒரு தகப்பன் அதைப் பார்க்கிறார். கமெரா அவர் நிற்கும் தூரத்திலேயே நிற்கிறது. வெள்ளைப் பரப்பில் ஒரு சிறு மஞ்சள் பெட்டி சற்று நேரம் அப்படியே இருக்கிறது, பிறகு பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விடுகிறது.  டப்ளின் கால்வாயோரத்து யன்னல் மறைப்பின் நினைவே எனக்கு வந்தது. எகோயன் அதை நினைத்துத்தான் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பதின்ம வயதில் பெக்கற்றைப் படித்த ஒருவருக்குக் கமெராவை எங்கே வைப்பதென்ற தீர்மானம் வேறு விதமாக வந்திருக்காது என்றே சொல்கிறேன்.

பெக்கற்றின் பத்தொன்பது நாடகங்களையும் படமாக்கும் ஐரிஷ் திட்டத்தில், 2000ஆம் ஆண்டு, கிராப்பின் கடைசி ஒலிநாடா எகோயனிடம் வந்துசேர்ந்தது. ஜோன் ஹேர்ட் நடித்தார். நாடாவைக் கேட்கும் கிராப்பின் முகத்தை வெட்டில்லாமல், நிமிடக்கணக்கில், கமெரா பார்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்காபரோ நூலகக் கிளையொன்றில் அந்த இறுவட்டை இரவல் எடுத்து வந்து பார்த்தேன். ஹேர்ட் அழுவதில்லை. இயந்திரத்தின் மேல் சாய்ந்து அதை ஒரு கையால் அணைத்துக்கொள்கிறார்.

2002இல் எகோயன் லண்டனில் கைவிடப்பட்டிருந்த அருங்காட்சியகமொன்றில் இதையே ஒரு நிறுவற்கலையாக்கினார். படத்தொகுப்பு மேசையான ஸ்ரீன்பெக்கின் பெயரையும் பெக்கற்றின் பெயரையும் ஒட்டி அதற்கு ஸ்ரீன்பெக்கற் என்று பெயரிட்டார். கிராப் படத்தின் இரண்டாயிரம் அடிச் சுருள் அறை முழுவதும் கப்பிகளின் மேல் மேலும் கீழுமாக ஓடி, அந்த மேசைக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. மேசையின் சிறு திரையில் ஹேர்ட் தன் பழைய குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்காட்சி நடந்த நாட்களில் சுருளில் தூசி படிந்தது, கீறல்கள் விழுந்தன. அதை மாற்றாமல் அப்படியே ஓடவிட்டார்கள்.